கொட்டச்சேட்டில் கைமாறிய ஸ்டீயரிங்

சந்திரசேகரின் கேரவன் ஸ்டீயரிங்கை இதுவரை தொட்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் சந்திரசேகர். இன்னொருவர் மெக்கானிக். மூன்றாமவர் வண்டிக்குப் பூசை போட்ட பூசாரி. அவரையும், குங்குமம் வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துத்தான் கூப்பிட்டு வந்தார்.

அவர் மனைவி கௌரிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கௌரிக்கு வண்டி ஓட்டத் தெரியும். தெரியும் என்று சொன்னால் போதாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிற நேரத்தில், இரண்டு லாரிகளுக்கு நடுவே காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவாள். லோடுமேன்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் கார் வேறு, கேரவன் வேறு என்பது சந்திரசேகரின் வாதம். கேரவன் ஓட்டப் பொறுமை வேண்டுமாம், அனுபவம் வேண்டுமாம், அப்புறம் இன்னொன்றும் வேண்டுமாம். அந்த இன்னொன்றை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மீசையைத் தடவிக் காட்டுவார்.

கேரவன் என்று பேரே ஒழிய, அது ஒரு பழைய டெம்போ வேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மகனிடம் ஒப்படைத்த கையோடு அதை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், மடக்கு மேஜை என்று ஒரு வீட்டையே சுருக்கி வைத்துவிட்டார். எங்கேயாவது கும்மி, ஒயிலாட்டம், உறுமி மேளம் என்று காதில் விழுந்தால் போதும், இருவரும் கிளம்பிவிடுவார்கள். மேளச் சத்தம் கேட்டால் சந்திரசேகருக்குக் கால் நிற்காது. மேளம் அடிக்கிற இடத்தில் விரிக்கிற கடைகளைப் பார்த்தால் கௌரிக்குக் கை நிற்காது.

சிக்கல் அந்தக் கையில்தான் இருந்தது. தர்மபுரிப் பக்கம் கூத்துப் பார்க்கப் போனார்கள், ஒரு மண் குதிரை கூடவே வந்தது. பவானிக்குப் போனார்கள், ஜமுக்காளம் வந்தது. நாமக்கல்லுக்குப் போனபோது ஆட்டுக்கல்லே வந்துவிட்டது. கட்டிலில் முதலில் குதிரைக்கு இடம், அப்புறம் ஆட்டுக்கல்லுக்கு இடம், மிச்சம் இருந்தால் சந்திரசேகருக்கு என்றாகிவிட்டது.

இந்த முறை ஏற்காட்டு மலை. கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜனங்கள் கும்மி வைக்கிறார்கள் என்று கௌரிதான் போனில் பார்த்துச் சொன்னாள். அங்கேயே போக வேண்டும் என்றும் சொன்னாள். சந்திரசேகருக்கு உறுமி என்றால் போதும், ஏன் அங்கேயே என்று கேட்கத் தோன்றவில்லை.

மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் கேரவன் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து ஒரு பஸ். கீழே வரிசையாகக் கார்கள். சந்திரசேகர் முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடியும் முன்னால் போனார். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. கௌரி இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் காட்டினாள்.

"வரட்டும்... வரட்டும்... ஸ்டீயரிங்க ஒடிங்க. அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம். போதும், நில்லுங்க."

வண்டி வழிக்கு வந்தது. பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனுங்கம்மா, நீங்களே ஓட்டியிருந்தா நானு இன்னேரம் சேலமே போய்ச் சேந்திருப்பனுங்க" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

சந்திரசேகருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கடித்தார். கௌரி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எறங்கறப்ப நான் ஓட்டட்டுங்களா?"

"எதை?"

"பஜ்ஜியவா ஓட்டுவாங்க? வண்டியத்தானுங்க."

முடியாது என்று சொல்லலாம். ஆனால் பஸ் டிரைவர் வாயில் விழுந்த பிறகு வெறுமனே முடியாது என்றால் பயந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். முடியாது என்றும் சொல்லக் கூடாது, ஸ்டீயரிங்கையும் கொடுக்கக் கூடாது. பஜ்ஜியின் காரம் தலைக்கு ஏறியதும் வழி பிறந்தது.

"தரேன். ஆனா ஒரு கண்டிசன். இந்த மலைய உட்டுக் கெளம்பற வரைக்கும் ஒரு சாமானைக்கூட நீ காசு குடுத்து எடுக்கக் கூடாது. முறமோ கூடையோ கரண்டியோ, ஒண்ணும் கூடாது. அப்பிடி இருந்துட்டீன்னா ஸ்டீயரிங் உனக்கு."

"காசு குடுத்து எடுக்கக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"நீங்களா எதையாவது எடுத்துட்டு, இவளுக்குத்தான் எடுத்தேன்னு என்ற தலையில கட்டக் கூடாதுங்க."

"சேச்சே. நான் அப்பிடிப்பட்ட ஆளா?"

அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அந்த யோசனை அவருக்கு வந்துகொண்டிருக்கும்போதே கௌரி அதை வழியில் மறித்துவிட்டாள். மறித்ததோடு நிற்காமல், தன் பர்ஸையும் எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் மாட்டிவிட்டாள். ஜெயித்தாயிற்று என்று சந்திரசேகர் இன்னொரு தட்டு பஜ்ஜி சொன்னார். வெள்ளாட்டைக் கீரைத் தோட்டத்தில் அவிழ்த்து விட்டுவிட்டு வாயைத் திறக்காதே என்று சொன்ன நிம்மதி அவருக்கு.

நிம்மதி ஏற்காட்டுக் கடைத்தெரு வரைக்கும்தான் இருந்தது. அங்கே மிளகு, தைலம், மர பொம்மை எல்லாவற்றையும் கௌரி பார்த்தும் பார்க்காமல் நடந்தாள். ஒரு கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். "அடுத்த தடவை பாக்கலாமுங்க" என்றாள். இருபத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

கொட்டச்சேட்டில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் மைதானம். சுற்றிலும் சவுக்குமர உயரத்துக்கு ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. நடுவில் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். உறுமியின் உறுமல் மண்ணுக்கு அடியில் ஓடி உள்ளங்காலில் ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் சந்திரசேகர் இன்னேரம் துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே குதித்திருப்பார். இன்றைக்கு அவர் கண் ஓரத்தில் விரித்திருந்த கடை மேல் இருந்தது.

கடைக்காரி பூவாயி, எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். வேலை ஓய்ந்த நேரத்தில் கூடை முடைவார். அவர் முன்னால் மூங்கில் கூடைகள், சாமை புடைக்கிற முறங்கள், ஈச்சம்பாய்கள், காப்பிக் கட்டையில் செதுக்கிய கரண்டிகள். கௌரியை வீழ்த்த இதில் பாதி போதும். சந்திரசேகர் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இந்தக் கூடையப் பாரேன். என்ன பின்னல். வெங்காயம் போட்டு வெக்கலாம்."

"நல்லாருக்குதுங்க. நம்மூட்டு வெங்காயத்துக்குக் கூடை இருக்குதுங்களே."

"பூண்டு?"

"பூண்டும் வெங்காயமும் ஒத்துமையா ஒரே கூடையில இருக்குதுங்க."

"சரி, இந்த முறம்? புடைச்சா எப்பிடி இருக்கும்."

"நான் எதைங்க புடைக்கறது? அரிசி பாக்கெட்டுல வருது."

"இந்தக் கரண்டி? சாம்பார் கிண்டினா மணக்குமாட்ட இருக்குது."

"கிண்டறது நீங்கதானுங்களே. உங்களுக்கு வேணும்னா எடுங்க."

பூவாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, எல்லா ஊட்டுலயும் பொம்பள கேப்பாங்க, ஆம்பள வேண்டாம்பாங்க. உங்க ஊட்டுல தலைகீழாட்ட இருக்குதுங்களே" என்றார்.

சந்திரசேகருக்கு வியர்த்தது. மலைக் குளிரில் வியர்த்தது. கண்ணை மூடினால் கேரவன் தெருவுக்குள் நுழைகிறது, ஸ்டீயரிங்கில் கௌரி, வாசலில் நின்று மொத்தத் தெருவும் பார்க்கிறது. பஸ் டிரைவர் சொன்னது ஊர்ப்பேச்சாகிவிடும். ஏதாவது செய்தாக வேண்டும், அதுவும் கும்மி முடிவதற்குள் செய்தாக வேண்டும்.

அப்போதுதான் உறுமி அடிக்கிறவர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பூவாயியின் வீட்டுக்காரர் முனியப்பன் அவர்தான். உறுமியின் வயிற்றில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது: ஆத்துமேட்டுப் பெரியாண்டிச்சி துணை.

சந்திரசேகர் ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஆத்துமேட்டுப் பெரியாண்டிச்சி கௌரி பிறந்த வீட்டுக் குலதெய்வம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அப்படியானால் முனியப்பன் கௌரிக்கு அண்ணன் முறை. அண்ணன் கடை விரித்து உட்கார்ந்திருக்கும்போது, தங்கச்சி ஒரு முறம்கூட எடுக்காமல் போவாளா? பிறந்த வீடு என்றால் கௌரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கண்ணில் தண்ணீர் வந்தால் பர்ஸ் தானாகத் திறக்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"நிறுத்துங்க நிறுத்துங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கே போய்விட்டார். உறுமி நின்றது. கும்மி நின்றது. "ஏனுங்க, உங்க கொலதெய்வம் ஆத்துமேட்டுப் பெரியாண்டிச்சிங்களா?"

"ஆமாங்க. எங்க தாத்தன் காலத்துல ஓமலூருப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவங்க நாங்க."

"அதே ஓமலூருப் பக்கந்தான் என்ற சம்சாரம் பொறந்த ஊடு. அதே ஆத்தாதான். அப்ப இவ உங்களுக்குத் தங்கச்சியாவோணும்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கௌரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முனியப்பன் உறுமியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக அவளிடம் வந்தார்.

"எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு கெடையாது சாமி. நொம்ப வருசம் ஏங்கியிருக்கறேன்" என்றார்.

கௌரி நிமிர்ந்து, "அண்ணா" என்றாள். அதில் நடிப்பு துளியும் இல்லை. அவளுக்கும் உடன்பிறந்தவர்கள் கிடையாது. சந்திரசேகரோ காரியத்தில் கண்ணாக இருந்தார்.

"பாத்தியா கௌரி. அண்ணன் கடையில தங்கச்சி ஒரு கூடைகூட எடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்? பர்ஸ் இந்தா" என்று சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினார்.

முனியப்பனின் முகம் மாறிவிட்டது.

"மாப்ள, பர்ஸ உள்ள வெய்யுங்க. தங்கச்சிகிட்டக் காசு வாங்கற வழக்கம் எங்க வம்சத்துல இல்லீங்க."

"இல்லீங்க மச்சான், யாவாரம் வேற..."

"மொதத் தடவையா பொறந்த ஊட்டு வாசலுக்கு வந்திருக்கற புள்ள. வெறுங்கையோட அனுப்புனா ஆத்தா என்னைய என்னன்னு கேப்பா?" முனியப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "ஏபுள்ள பூவாயி, கடையக் கட்டு. தங்கச்சிக்குச் சீர் வெக்கோணும்."

"சொல்லாட்டித் தெரியாதா எனக்கு?" என்றார் பூவாயி. அவர் ஏற்கனவே கட்ட ஆரம்பித்திருந்தார்.

சந்திரசேகர் பர்ஸும் கையுமாக நின்றார். அண்ணன் விற்பான் என்பதுவரை கணக்குப் போட்டவர், அண்ணன் கொடுப்பான் என்பதை மறந்துபோனார். தான் வெட்டிய குழியில் தானே விழப் போகிறோம் என்று அவருக்குப் புரிவதற்குள், அவரைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அல்லவா? தலையில் ஒரு பாகை கட்டினார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. கையில் ஆரஞ்சுப் பழம். கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிற மேகலா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டினாள்.

"சேலத்து மாப்பிள்ளை வந்தாரு - அவரு
ஊட்டையே ஓட்டிட்டு வந்தாரு
கட்டிலும் அடுப்பும் கொண்டாந்தாரு - நம்ம
காணாத தங்கச்சிய கொண்டாந்தாரு"

பெண்கள் குலவை போட்டார்கள். முனியப்பன் உறுமியை மாட்டிக்கொண்டு கோலை இழுத்தார். அந்தச் சத்தம் மாப்பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டது. அவ்வளவுதான். ஸ்டீயரிங்காவது கண்டிசனாவது. சந்திரசேகர் பாகையோடும் மாலையோடும் வட்டத்துக்குள் குதித்துத் துண்டைச் சுழற்றி ஆடினார். வயதை மறந்து ஆடினார். முனியப்பன் அடியை மாற்றினால் இவர் காலை மாற்றினார். லைன் வீட்டு ஜனம் முழுக்க, "அப்பிடிப் போடுங்க மாப்ள" என்று கைதட்டியது. இதுவரை போன எந்த ஊரிலும் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர்தான். இங்கே அவர் மாப்பிள்ளை. மகாராஜா மாதிரி இருந்தது என்று பிறகு பலமுறை சொன்னார், அதில் பொய் கிடையாது.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது, சீர் வரிசை கிளம்பியிருந்தது. முன்னால் மேளம். பின்னால் பெண்கள், தலைக்கு ஒரு கூடை. ஒன்றில் சாமை, ஒன்றில் காப்பிக்கொட்டை, ஒன்றில் மிளகு. அடுத்து முறங்கள், பாய்கள், ஒரு கட்டுக் கரண்டி. கடைசியாகக் கால் கட்டிய ஒரு சேவல். எல்லாம் கேரவனுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. ஆட்டுக்கல்லை நாமக்கல்லில் ஏற்றியவருக்கே மலைப்பாக இருந்தது.

கௌரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கௌரி, கண்டிசன் போச்சு. வண்டி நெறைய சாமான்."

"பர்ஸ் யாருகிட்டங்க இருக்குது?"

"...என்கிட்ட."

"நான் காசு குடுத்தனுங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்க?"

சந்திரசேகர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஏதோ ஒன்று இடித்தது.

"ஏம்மா, உனக்கு அந்த உறுமியில எழுதியிருந்தது கண்ணுல படவே இல்லியா?"

"போன்ல வீடியோ பாத்த அன்னிக்கே பட்டுதுங்க. அதனாலதான் கொட்டச்சேட்டுக்கே போலாம்ன்னேன்."

"அப்ப வந்ததும் சொல்லியிருக்கலாமில்ல?"

"நானா போயி, உங்களுக்குத் தங்கச்சி வந்திருக்கறேன்னு எப்பிடிங்க நிப்பேன்? சீர் கேட்டு வந்தவன்னு நெனைச்சுக்குவாங்க. மாப்பிள்ளை வாயால சபையில வந்தாத்தானுங்க மரியாதை. எப்பிடிச் சொல்ல வெக்கறதுன்னு வீட்டுலயிருந்தே யோசிச்சுட்டு வந்தேன். நல்லவேளை, நீங்களே கண்டிசன் போட்டீங்க."

சந்திரசேகர் சாவியை எடுத்து நீட்டினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். வேறு வழியில்லை என்றும் சொல்லலாம். சுற்றி நின்றது அத்தனையும் மனைவியின் பிறந்த வீட்டு ஜனம்.

சரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பிரேக்கு, கியரு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வரலாம், ஊருக்குள் நுழையும்போது பார்க்கிறவர்களுக்கு இவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்று தோன்றும். இந்தக் கடைசி ஆசையோடு முன் கதவைத் திறந்தார். அங்கே முனியப்பனும் பூவாயியும் வெளுத்த துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சீரக் கொண்டாந்து தங்கச்சி ஊட்டு வாசப்படியில எறக்கி வெக்கறவரைக்கும் எங்க பொறுப்புங்க மாப்ள" என்றார் முனியப்பன்.

"வந்தவங்களுக்கு விருந்து வெச்சு, அண்ணனுக்கு வேட்டி, அண்ணிக்குச் சேலை எடுத்துத்தான் அனுப்போணுமுங்க" என்றாள் கௌரி, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே. "காசு குடுத்து எடுக்கறது நீங்கதான். கண்டிசன் எனக்குத்தானுங்களே."

மாப்பிள்ளைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கட்டிலில் கூடைகள். மடக்கு மேஜையில் பாய்கள். நடுவில் நின்றுகொண்டு ஒரு கையால் சாமைக் கூடையையும் இன்னொரு கையால் முறக்கட்டையும் தாங்கிப் பிடித்தார். சேவல் அலகால் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கௌரி மலையின் மறுபக்கத்துக் குப்பனூர் பாதையில் வண்டியை இறக்கினாள். வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன், அளவாக ஒரு பிரேக், ஸ்டீயரிங்கை ஒரே சுற்று. கேரவன் முரண்டு பிடிக்காமல் திரும்பியது. எதிரே வந்த ஜீப்காரன் ஒதுங்கி நின்று வழி விட்டான். ஒரு கூடைகூட ஆடவில்லை. இந்த வண்டி இப்படியெல்லாம் திரும்புமா என்று சந்திரசேகரே வியந்தார், ஆனால் வெளியே சொல்லவில்லை.

பூவாயி வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏங்கண்ணு, இத்தன நல்லா ஓட்டறியே. இத்தன நாளா இந்த வண்டிய யாரு ஓட்டிட்டிருந்தது?"

கௌரி கண்ணாடியில் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"டிரைவர் ஒருத்தரு இருந்தாருங்க அண்ணி. இப்பத்தான் சாமான் புடிக்கறதுக்கு மாத்தியிருக்கறேன்."